இடைவழியில் ஓயும் வானொலி

எம் தாய்மாமன் ஏலத்தோட்டத் தொழிலாளரைக் கம்பத்தினின்றும் கம்பமெட்டு வழியாக மலைமேல் ஏற்றிச்செல்லும் ஜீப் ஒன்று உடையர். விடியுமுன் புறப்படும் அவ்வண்டியில் பாட்டு இல்லையேல் ஏறமாட்டோம் என்பது அங்குச் செல்லும் பெண்டிர் வகுத்த சட்டம். சென்ற விடுமுறையில் அதன் ரேடியோ பாடுவதும் ஓய்வதும் மீண்டும் பாடுவதுமாகத் தன் விருப்பம்போல் நடக்கத் தொடங்கிற்று. கடைக்காரர் ஒருவர் அதனைத் திறந்தும் பாராமல், பெட்டி தீர்ந்தது, புதியது வாங்குக என்றுரைத்தார். மாமனிடம் அதற்குப் பணமில்லை. யாம் இலக்கணம் பயில்வோமேயன்றி மின்னியல் வல்லுநரல்லேம். எனினும் ஒரு வாரம் அப்பெட்டியோடு போராடி அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேம்.

முதற்கண் குற்றம் பெட்டியினதா, மலையினதா என்று தெளிதல் வேண்டும். எம் பள்ளத்தாக்கிற் பலரும் கேட்பது 100.5 மெகாஹெர்ட்சில் வரும் கொடைக்கானற் பண்பலை. இவ்வலைகள் பெரும்பாலும் நேரே செல்வன. ஆதலின் சின்னமனூர், உத்தமபாளையம் ஆகிய சமவெளிகளிற் தெளிவாய்க் கேட்பது, மலைச்சாலையில் ஒரு கொண்டையூசி வளைவு திரும்பியதும் இரைச்சலாய் மாறக்கூடும். அப்போது பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருப்பின் குறை மலையினதே, அதற்கு மருந்தில்லை. விளக்கும் உடன் அவியுமாயின் குறை மின்சாரத்தில் உள்ளது. எமது விளக்கு அவிந்தது.

1930ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கால்வின் சகோதரர் வண்டிக்கென ஒரு ரேடியோவை விற்கத் தொடங்கியபோது, மோட்டார் என்பதனோடு அக்கால இசைக்கருவிப் பெயர்களின் ஈறாகிய 'ஓலா'வைக் கூட்டி மோட்டோரோலா எனப் பெயரிட்டனர். (இப்புணர்ச்சிக்கு நன்னூலில் விதி தேடற்க.) அந்நாட் பெட்டிகளில் இருந்த கண்ணாடி வால்வுகள் இப்போது இல்லை. ஆனால் சாலையின் குலுக்கல் நீங்கிற்றில்லை; அது இன்று கம்பிகளின் இணைப்பைப் பற்றி ஆட்டுகின்றது.

பொதுவாக மூன்று கம்பிகள் பெட்டிக்கு உயிர் தருவன. மஞ்சள் எப்போதும் பாட்டரியோடு தொடர்புடையது. நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைப்பது. சிவப்பு, சாவி திருப்பியபின் மின்சாரம் பெறுவது. கறுப்பு, வண்டியின் உடலோடு சேரும் எர்த் கம்பி. (பழைய வண்டிகளில் நிறம் மாறியிருத்தலும் உண்டு.) பெட்டி அவிந்து மீண்டபின் நிலையங்கள் நினைவில் இருப்பின் பெரும்பாலும் சிவப்பை ஐயுறுக, அவை மறந்துபோயிருப்பின் மஞ்சளை அல்லது கறுப்பை நாடுக. எமது பெட்டி ஒவ்வொரு முறையும் அனைத்தையும் மறந்தது.

இங்கேதான் யாம் இரண்டு நாள் ஏமாந்தேம். ரேடியோவை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் நிறைவாய்க் காட்டிற்று. மடை திறவாதபோது வாய்க்காலின் அடைப்புத் தெரியாதன்றோ? அதுபோல மின்னோட்டம் இல்லாதபோது கெட்ட இணைப்பும் நல்லதாகவே தோன்றும். ஆகவே பாட்டை உரக்க வைத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதைப் பெட்டியின் இரும்புக் கூட்டிலும் வைத்தேம். ஏறக்குறைய சுழியாய் இருத்தற்குரிய அவ்விடத்தில் 3 வோல்ட் நின்றது. பெயின்ட் பூசிய தகட்டின்மேல், துருவேறிய ஒரு திருகாணியால் எர்த் கம்பி பிணிக்கப்பட்டிருந்தது. ஒலி மிகுந்தபோது மின்னோட்டம் மிகும். மிகுந்தவுடன் துருவிலே வோல்ட் இழப்பும் மிகும். பெட்டி தனக்கு வேண்டிய அளவு பெறாமல் அவியும். அவிந்ததும் ஓட்டம் நின்று வோல்ட் மீளும். பெட்டியும் மீண்டும் பாடும். பேயாட்டம் என்று மாமன் கருதியதன் காரணம் இவ்வளவே. தகட்டைச் சுரண்டி வெள்ளையிரும்பு தோன்றச் செய்து, புதிய திருகாணி இட்டேம்.

வேறு காரணங்களும் உள. ஸ்பீக்கர் கம்பி கதவின் கீலருகே தேய்ந்து தகட்டைத் தொடின், பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்தும்; ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பார்த்தால் இஃது விளங்கும். வெயிலில் நின்ற வண்டியில் பெட்டியின் பின்புறம் துணி திணித்து வைத்திருப்பினும் சூட்டால் நின்றுவிடும். புதுக் கார்கள் சில, எஞ்சின் நின்ற சிறிது நேரத்தில் பாட்டரியைக் காக்கத் தாமே ரேடியோவை அணைப்பன, அது நோயன்று.

இனி யாம் கண்டு நடுங்கிய ஒன்றைச் சொல்லவேண்டும். ப்யூஸ் இருந்த இடத்தில் ப்யூஸ் இல்லை. முன்னர் எவரோ செம்புக் கம்பியொன்றைச் சுற்றி வைத்திருந்தனர். மஞ்சட் கம்பி ஒரு தகட்டு விளிம்பில் உராய்ந்து அடிக்கடி ப்யூஸ் எரிந்திருக்கும். அக்காரணத்தைத் தேடாமல் எரிவதையே தடுத்துவிட்டனர். ப்யூஸ் ரேடியோவுக்காக மட்டும் வைத்ததன்று; கம்பி தீப்பற்றாதிருக்க வைத்தது. விளிம்பருகே அக்கம்பியின் உறை ஒரு விரலளவு கருகியிருந்தது. அதற்கு ஓரடி பின்னால் நாள்தோறும் பன்னிருவர் அமர்ந்து மலையேறினர். மாமன் அதனைக் கையில் வாங்கி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு யாம் புதிய கம்பி இட்டு, விளிம்பிற்கு ரப்பர் வளையம் பொருத்தி, பெட்டியிற் குறித்தபடியே 10 ஆம்பியர் ப்யூஸ் செருகினேம். கருகிய துண்டை மாமன் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, கம்பத்து ஜீப் நிலையத்திலுள்ள மற்ற ஓட்டுநரிடம் காட்டச் சென்றார்.