நல்ல பெயரை விலைக்கு வாங்குபவர்கள்

1995 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்ற நிரலாளர் இணையத்தில் ஓர் ஏலக்கடை திறந்தார். அதில் முதலில் விலைபோனது ஒரு பழுதான லேசர் சுட்டி. விலை 14 டாலர் 83 சென்ட். பழுது என்று தெரிந்தேதான் வாங்குகிறீர்களா என்று ஒமிடியார் விசாரித்தார். பழுதான லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்தது. அந்தக் கடைதான் பின்னாளில் ஈபே ஆனது.

விற்பவர் குறையைச் சொல்லி விற்றார், வாங்குபவர் தெரிந்து வாங்கினார். எல்லா வியாபாரமும் இப்படி நடந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே கெடுத்துவிடும் என்று 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று தெரியாதபோது வாங்குபவர் எல்லாவற்றையும் சுமார் என்று வைத்துத்தான் விலை கேட்பார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் ஒதுங்கிக்கொள்ள, சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். 2001-ல் அகர்லாஃப் பெற்ற பொருளாதார நோபல் பரிசுக்கு அடித்தளம் இந்த ஆய்வு. இணைய ஏலத்தில் நிலைமை இன்னும் மோசம். பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஆளையும் பார்த்ததில்லை. பணத்தை முதலில் கொடுத்தாக வேண்டும்.

இதற்கு ஒமிடியார் 1996-ல் கொண்டுவந்த மருந்து, பின்னூட்டம். வியாபாரம் முடிந்ததும் ஒருவரைப் பற்றி மற்றவர் நல்லது, கெட்டது, நடுத்தரம் என்று பதிந்துவிட்டுப் போகலாம். அந்தக் கணக்கு பெயருக்குப் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கும்.

இந்த மதிப்பெண்ணுக்கு உண்மையில் மதிப்பு உண்டா? பால் ரெஸ்னிக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். பழைய அஞ்சலட்டைகளை விற்று ஈபேயில் நல்ல பெயர் எடுத்திருந்த ஒருவரையே துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஒரே தரத்து அட்டைகளை அவர் தன் பழைய பெயரில் ஒரு பங்கும், புதிதாகத் தொடங்கிய பெயர்களில் இன்னொரு பங்கும் விற்றார். ஆள் ஒருவரே, சரக்கும் ஒன்றே. ஆனாலும் பழைய பெயருக்கு வாங்குபவர்கள் சராசரியாக 8.1 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். 2006-ல் வெளியான இந்த ஆய்வு நல்ல பெயருக்கு ரொக்க மதிப்பு உண்டு என்று நிறுவியது.

ரொக்க மதிப்பு உள்ள எதற்கும் போலி வந்துவிடும். அதே காலத்தில் ஈபேயில் ஒரு சென்ட்டுக்கும் சில சென்ட்டுக்கும் மின்னூல்கள் விற்கப்பட்டன. நூலைப் படிக்க யாரும் அவற்றை வாங்கவில்லை. வாங்கியவுடன் இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல மதிப்பீடு போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். நல்ல பெயரைச் சில்லறை விலைக்கு விற்ற கடை அது. இன்னும் பொறுமைசாலிகள் வேறு வழியில் போவார்கள். பேனா, குறுந்தகடு, பொத்தான் என்று மலிவான சாமான்களை மாதக்கணக்கில் நேர்மையாக விற்பார்கள். மதிப்பெண் ஏறியதும் ஒரே வாரத்தில் பத்து இருபது மடிக்கணினிகளை ஏலத்தில் போட்டு, பணத்தை வாரிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். மதிப்பெண் அவர்கள் நேற்று வரை செய்ததைத்தான் சொல்லும். நாளைக்கு என்ன செய்வார்கள் என்று சொல்லாது.

மதிப்பெண்ணில் இன்னொரு கோளாறும் இருந்தது. நீ எனக்குக் கெட்ட பெயர் போட்டால் நானும் உனக்குப் போடுவேன் என்ற பயத்தில் ஏமாந்தவர்களில் பலர் வாய் திறக்கவில்லை. விளைவு, ஏறக்குறைய எல்லாருமே நல்லவர்களாகத் தெரிந்தார்கள். வாங்குபவருக்கு விற்பவர் எதிர்மறை மதிப்பீடு போட முடியாதபடி 2008-ல் ஈபே விதியை மாற்றியதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் மோசடிக்காரரை எதைக் கொண்டு பிடிப்பது? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஸ் ஃபலூட்சோஸ் தலைமையில் இயங்கிய குழு 2007-ல் நெட்ப்ரோப் என்ற முறையை முன்வைத்தது. ஒருவருடைய மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதை அவருக்குக் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தது அந்த முறை.

அங்கே விசித்திரமான ஓர் ஒழுங்கு தென்பட்டது. மோசடிக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வதில்லை. அப்படிச் செய்தால், ஒரு கணக்கு அகப்பட்டதும் அதோடு தொடர்புள்ள எல்லாக் கணக்குகளையும் தளம் முடக்கிவிடும். பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயர் மொத்தமும் போய்விடும். அதனால் அவர்கள் கணக்குகளை இரண்டு வரிசையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் வரிசை மோசடிக் கணக்குகள். இரண்டாவது வரிசை உடந்தைக் கணக்குகள். உடந்தைக் கணக்கு யாரையும் ஏமாற்றாது. சாதாரண மக்களோடு ஒழுங்காக வியாபாரம் செய்து பெயர் எடுக்கும், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மோசடிக் கணக்குகளுக்கு நற்சான்று வழங்கும். ஒரு மோசடிக் கணக்கு பிடிபட்டாலும் உடந்தைக் கணக்கு தப்பித்துக்கொண்டு, அடுத்த மோசடிக் கணக்கை வளர்த்துவிடும்.

பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கணக்குகளைப் புள்ளிகளாகவும் கொடுக்கல் வாங்கலைக் கோடுகளாகவும் வரைந்தால், இரண்டு வரிசைகளுக்கு நடுவே கோடுகள் அடர்ந்து கிடக்கும். முதல் வரிசைக்குள் கோடே இருக்காது. நேர்மையானவர்களின் வியாபாரத்தில் இப்படி ஒரு வடிவம் தானாக அமைவது அபூர்வம்.

வடிவத்தைத் தெரிந்துகொண்டாலும், லட்சக்கணக்கான கோடுகளுக்கு நடுவே அதைத் தேடிப்பிடிப்பது எப்படி? கல்யாணத்துக்கு வரன் விசாரிப்பவர்கள் செய்வதைத்தான் கணினியும் செய்கிறது. மாப்பிள்ளையிடமே போய் நீங்கள் நல்லவரா என்று யாரும் கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். நல்லவர் என்று சொன்னவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று தெரிந்தால் அந்தச் சொல்லுக்கு எடை குறையும். அப்படியானால் சொன்னவரைப் பற்றியும் விசாரித்தாக வேண்டும்.

நெட்ப்ரோப் எல்லாக் கணக்குகளையும் பற்றி ஒரே சமயத்தில் இப்படி விசாரிக்கிறது. நேர்மை, உடந்தை, மோசடி என்ற மூன்றில் ஒன்றாக ஒவ்வொரு கணக்கும் இருக்கலாம் என்று தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு கணக்கும் தன் அண்டைக் கணக்குகளுக்குத் தன் ஊகத்தை அனுப்பும். மோசடிக் கணக்கின் அண்டை பெரும்பாலும் உடந்தைக் கணக்கு. உடந்தைக் கணக்கின் அண்டை மோசடியாகவும் இருக்கலாம், நேர்மையாகவும் இருக்கலாம், இன்னொரு உடந்தையாக இருப்பது அரிது. நேர்மையானவரின் அண்டை நேர்மையானவராகவோ உடந்தையாகவோ இருக்கலாம். இந்த விதிகளின்படி செய்திகள் திரும்பத் திரும்பப் போய்வர, ஊகங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும். சில சுற்றுகளில் கலக்கம் அடங்கி, ஒவ்வொரு கணக்கின் மேலும் ஒரு முடிவு தங்கிவிடும்.

செய்திகளைப் பரிமாறி முடிவுக்கு வரும் இந்தக் கணிதம் ஏலக்கடைக்காகப் பிறந்ததல்ல. 1982-ல் ஜூடியா பேர்ல் செயற்கை அறிவுத் துறைக்காக இதை வகுத்தார். 5ஜி கைபேசியில் காற்றில் வரும் சமிக்ஞை இரைச்சலில் சிதைந்துவிட்டால், சிதைந்த எண்களைச் சரிசெய்வதும் இதே வகைக் கணிதம்தான். ஒவ்வோர் எண்ணும் தன்னோடு தொடர்புள்ள எண்களை விசாரித்துத் தன் பிழையைத் திருத்திக்கொள்கிறது.

ஆய்வுக்குழு ஈபேயின் ஏறத்தாழ 66,000 பயனர்களின் விவரங்களைத் திரட்டி முறையைச் சோதித்தது. ஏற்கெனவே மோசடிக்காரர்கள் என்று அம்பலமாகியிருந்த 10 பேரையும் அது சரியாக அடையாளம் காட்டியது. அதுவரை யாரும் சந்தேகிக்காத வேறு சில கணக்குகளையும் சுட்டிக்காட்டியது.

ஏலத்துக்கே உரிய இன்னொரு மோசடியும் உண்டு. விற்பவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றிவிடுவது. 2000-ல் ஈபேயில் 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம் 1,35,805 டாலருக்குப் போனது. ஓவியர் பெயரை விற்றவர் சொல்லவில்லை. வீட்டில் கிடந்த பழைய படம் என்றார். ஆனால் புகைப்படத்தில் ஆர்.டி. 52 என்ற எழுத்துகள் தெரிந்தன. புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் படைப்பு தங்கள் கையில் சிக்கிவிட்டது என்று கேட்டவர்கள் நம்பினார்கள். விற்றவரே வேறு பெயரில் விலை கேட்டது தெரியவந்ததும் ஈபே ஏலத்தை ரத்து செய்தது. கூட்டாளிகள் 40-க்கு மேற்பட்ட பெயர்களில் மாறிமாறி விலை கேட்டுவந்தது விசாரணையில் வெளிவந்தது. 2001-ல் மூவர் மேல் வழக்குப் பாய்ந்தது.

இப்படி ஏற்றிவிடுபவரின் நடத்தையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜாரட் ட்ரெவதன், வெய்ன் ரீட் இருவரும் அதை அளக்கும் கணக்கு ஒன்றை உருவாக்கினார்கள். ஏற்றிவிடுபவர் குறிப்பிட்ட ஒரே விற்பனையாளரின் ஏலங்களைத்தான் சுற்றிவருவார். அடிக்கடி கேட்பார், ஜெயிக்கவே மாட்டார். மற்றவர் கேட்டதும் உடனே மேலே கேட்பார், அதுவும் மிகச் சிறிய தொகை கூட்டி. கடைசி நேரம் நெருங்கும்போது ஒதுங்கிவிடுவார், பொருள் தன் தலையிலேயே விழுந்துவிடக் கூடாதே! உண்மையில் வாங்க வந்தவர் இதற்கு நேர்மாறு. குறைந்த விலையில் முடியத்தான் ஆசைப்படுவார், பலர் கடைசி நிமிடம்வரை பதுங்கியே இருப்பார்கள்.

எந்த முறையும் பிழையற்றதல்ல. உடந்தைக் கணக்கு நல்லவர்களோடும் வியாபாரம் செய்வதால், பாவம், நல்லவர் ஒருவர் மேல் சந்தேகம் விழலாம். அதனால் கணினி சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்ற பட்டியலாகத்தான் கொள்ள வேண்டும்.

கணினி பார்ப்பதில் ஒரு பங்கை நாமும் பார்க்கலாம். மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். புகழ்ந்தவர்கள் பல வகைப்பட்டவர்களா, நாலைந்து பேரே திரும்பத் திரும்ப வருகிறார்களா? இதுவரை விற்றது பொத்தானும் பேனாவும், இன்று விற்பது மட்டும் விலையுயர்ந்த கேமராவா? பல மாதம் தூங்கிய கணக்கு திடீரென்று விழித்திருக்கிறதா? தளத்தின் வழியாக வேண்டாம், நேராக என் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்கிறாரா? அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தளம் தரும் பாதுகாப்பு, தளத்தின் வழியாகக் கொடுத்த பணத்துக்குத்தான். இந்தியாவில் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அதை முடக்கி வைக்க முடியும்.