வரப்பு நகரலாம், கோடு நகராது!

கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள ஊர் கச்சிராயபாளையம். பக்கத்திலே கோமுகி அணை. நெல்லும் கரும்பும் விளையும் பூமி.

ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவது எந்த ஊரிலும் உண்டு. அந்தச் சண்டையைத் தீர்க்க வருகிறவர்தான் சர்வேயர்.

பக்கத்து நிலத்துக்காரருக்கும் முன்கூட்டியே நோட்டீசு போகும். சர்வேயர் புலப்படத்தை விரிப்பார். மூலையில் நட்ட அளவுக் கல்லைத் தேடுவார். கோணல் வயலை முக்கோணங்களாகப் பிரிப்பார். முக்கோணத்தின் அடியையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி எடுத்தால் பரப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் முழு நிலம்!

பழைய அளவுச் சங்கிலியின் நீளம் 66 அடி. நீளம் ஒரு சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி என்றால் 10 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர்.

1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய பெரிய நில அளவையும் முக்கோணக் கணக்குதான். இன்று செயற்கைக்கோள் உதவியால் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

மனை வாங்குவோரே, பத்திரம் மட்டும் போதாது. பட்டாவில் உள்ள சர்வே நம்பர், புலப்படத்தின் அளவு, தரையில் உள்ள கல் மூன்றும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லைக் காணோமா? கட்டணம் கட்டி மனுச் செய்தால் சர்வேயர் வந்து அளந்து காட்டுவார்.

வரப்பை இரவோடு இரவாக வெட்டித் தள்ளலாம். புலப்படத்தின் கோட்டைத் தள்ள முடியாது!