குளோரின் அளவைக் காக்கும் சிறு வால்வு

வற்றாத ஆறு எதுவும் பாயாத புதுக்கோட்டை மாவட்டம், வெள்ளாறு வறண்டு கண்மாய்களும் வெடித்துக் கிடக்கும் மாதங்களைத் தாண்டுவதற்கு, திருச்சி மாவட்டக் காவிரிப் படுகையில் எடுக்கப்பட்டு, நீரேற்று நிலையங்களையும் தரைமட்டத் தொட்டிகளையும் கடந்து நெடுந்தூரக் குழாய்களில் வரும் நீரையே பெரிதும் நம்பியிருக்கிறது. அத்தனை தொலைவு பயணம் செய்யும் நீரில் தொடக்கத்திலேயே குளோரின் கலக்கப்பட்டாலும், குழாயின் உட்சுவரில் படிந்திருப்பவற்றோடும் நீரிலுள்ள கரிமப் பொருள்களோடும் வினைபுரிந்து அது வழிநெடுகக் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி ஊரின் தெருக்குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012) கூறுவதால், இடைவழித் தொட்டிகளிலும் ஊர்த் தொட்டிகளிலும் மீண்டும் குளோரின் சேர்ப்பது தவிர்க்க முடியாததாகிறது.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மேல்நிலைத் தொட்டியில் கையால் ஊற்றுவது கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. அது ஊற்றுபவரின் கணிப்பையும் அன்றைய பவுடரின் வீரியத்தையும் பொறுத்தது. இதற்கு மாற்றாக வருவதே டோசிங் பம்பு எனப்படும் அளவீட்டுப் பம்பு. மணிக்கு 30,000 லிட்டர் பாயும் குழாயில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டுமானால், லிட்டருக்கு 100 கிராம் குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் மணிக்கு வெறும் 600 மில்லிலிட்டர் போதும். அதாவது, நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர். இவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாகத் தள்ளும் இப்பம்பில், டயபிரம் என்னும் நெகிழ்தகடு முன்னும் பின்னும் அசைய, உறிஞ்சும் பக்கத்திலும் வெளியேற்றும் பக்கத்திலும் உள்ள இரு சிறு குண்டு வால்வுகள் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. ஒவ்வோர் அசைவிலும், அதாவது ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும், ஒரே அளவு கரைசல் வெளியேறும் என்பதே இதன் அடிப்படை.

அந்த அடிப்படை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது என்பதுதான் பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது. வெளியேறும் பக்கத்தில் போதிய எதிர்ப்பு இல்லாவிட்டால், குண்டுகள் தம் இருக்கையில் உடனே அழுந்தி உட்காராமல் கரைசல் கூடுதலாக நழுவிச் செல்லும். எதிர்ப்பு மிகுந்தால் டயபிரம் சற்றே வளைந்து கொடுத்து அளவு குறையும். மின்வெட்டும் முறைவைத்து நீர் விடுவதும் வழக்கமான இடங்களில் குழாயின் அழுத்தம் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் என்பதால், காலையில் சரிபார்த்து வைத்த அளவு மாலையில் பொய்யாகிவிடும்.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பம்புக்குத் தெரியாமல் மறைப்பதே பேக் பிரஷர் வால்வின் பணி. ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஒரு டயபிரம் வழியை மூடியிருக்க, குறித்த அழுத்தத்தைப் பம்பு எட்டும்போது மட்டுமே அது திறந்து கரைசலை விடுகிறது. குழாயின் அழுத்தம் அந்த அளவைவிடக் குறைவாக இருக்கும்வரை, பம்பு சந்திக்கும் எதிர்ப்பு பெரிதாக மாறுவதில்லை. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் ஜான் லீலும் ஜார்ஜ் ஃபுல்லரும் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தொடர்ந்து சேர்க்கத் தொடங்கியபோது, நீர்மட்டம் மாறாமல் வைக்கப்பட்ட சிறு தொட்டியின் துளை வழியே அதை வடியவிட்டார்கள். அழுத்தம் மாறாதிருந்தால்தான் அளவு மாறாது என்ற அதே அறிவுதான் அங்கும் செயல்பட்டது.

அழுத்தத்தின் இந்த ஏற்ற இறக்கத்தைவிட அஞ்சத்தக்கது வடிகுழாய் விளைவு. மோட்டார் நின்றதும் தாழ்வான பகுதியை நோக்கி நீர் இறங்கிவிட, குழாயின் மேட்டுப் பகுதியில் வளிமண்டல அழுத்தத்துக்கும் குறைவான நிலை உருவாகலாம். அப்போது பம்பு ஓடாதபோதும் அதன் இரு குண்டு வால்வுகளையும் தள்ளிக்கொண்டு கரைசல் தானாகவே உறிஞ்சப்படும். யாரும் அறியாமல் கரைசல் தொட்டி பெருமளவு காலியாகி, மறுநாள் முதலில் குழாயைத் திறப்பவர் வீட்டுக்கு மூக்கைத் துளைக்கும் நீர் போய்ச் சேரும். கரைசல் தொட்டி உயரத்திலும் கலக்கும் இடம் தாழ்விலும் இருந்தாலும் இதே கதிதான். சாதாரண நான் ரிட்டர்ன் வால்வு பின்னோக்கிய ஓட்டத்தைத்தான் தடுக்கும். முன்னோக்கி இழுக்கப்படுவதைத் தடுக்க ஸ்பிரிங் அழுத்தம் கொண்ட வால்வே தேவை.

பேக் பிரஷர் வால்வைப் பொருத்தும் இடமும் முக்கியமானது. பம்பிலிருந்து கரைசல் செல்லும் குழாய் குட்டையாக இருந்தால் பம்பின் அருகிலும், நீளமாக இருந்தால் கரைசல் நீரில் சேரும் இடத்தின் அருகிலும் வைக்க வேண்டும். துடிப்பைத் தணிக்கும் கலம் இருக்குமானால் அது பம்புக்கும் இவ்வால்வுக்கும் நடுவில் வர வேண்டும். ஹைப்போகுளோரைட் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும் என்பதால் வால்வின் உடல் பிவிசியாலும், கரைசலைத் தொடும் டயபிரம் டெஃப்லானாலும் ஆனதாக இருப்பதும், ஸ்பிரிங் கரைசலைத் தொடாதிருப்பதும் அவசியம்; பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துவோர் தெளிந்த நீரை மட்டும் எடுக்காவிட்டால், சுண்ணாம்பு மண்டி வால்வின் இருக்கையில் படிந்து அதை முழுதாக மூடவிடாது.

இவ்வால்வு இருப்பதால் அழுத்தம் விடுவிக்கும் வால்வு தேவையில்லை என்று கருதுவது ஆபத்தான பிழை. அது தனிக் கருவி; வழி அடைபட்டால் மிகுதிக் கரைசலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை; அது திறக்கும் அழுத்தம் பேக் பிரஷர் வால்வின் அழுத்தத்தைவிட உயர்வாக வைக்கப்பட வேண்டும். வால்வைப் பொருத்திய பிறகு, அளவுக்கோடுகள் உள்ள குழலிலிருந்து பம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு எடுக்கிறது என்று மீண்டும் அளந்து ஸ்ட்ரோக்கைத் திருத்த வேண்டும், ஏனெனில் வால்வு இல்லாதபோது எடுத்த கணக்கு இப்போது பொருந்தாது. அதன்பின் கடைசித் தெருக்குழாயில், எஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கொண்டு சோதிப்பது அந்தக் கணக்கைச் சரிபார்க்கும்.