தள்ளுவண்டிச் சில்லும் நைலோன் புஷ்ஷும்

மலையகத் தோட்டங்களிற் பொறிகளுக்கெனவே ரோதமுனி என்றொரு காவற்றெய்வம் உண்டு. அத்தெய்வத்தை வணங்குவோரும் எண்ணெய்க் குவளையை மறவார். தண்டு சுழலும் இடந்தோறும் எண்ணெய் வேண்டும். ஆயின் அவ்வெண்ணெய் தேயிலையிற் சிந்தினால் மணம் கெடும். அரைத்த கொழுந்தை நொதிக்கும் அறைக்குக் கொண்டு செல்லும் தள்ளுவண்டியின் சில்லுகளுக்கு எண்ணெய் வேண்டாத பிளாஸ்டிக் புஷ் ஏற்றதென நாம் கருதுவது இதனாலேயே. பாரமும் வேகமும் மிக்க ரோதையின் பேரிங்குகளை நாம் இங்கு எண்ணவில்லை.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொன்ட் ஆய்வுகூடத்திற் பிறந்த நைலோனையே பலரும் முதலில் நாடுவர். அது வலிது, தேய்வும் குறைவு. ஆனால் நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேற்பட்ட பனிமூட்ட நாடு. நொதிக்கும் அறையிலோ ஈரம் வேண்டுமென்றே மிகுவிக்கப்படுகிறது. நைலோன் 6 என்னும் வகை, நீரில் நன்கு ஊறினால் தன் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு வரை ஈரம் குடித்துப் பருக்கும். இரும்புக் கூட்டினுள் அடித்திறுக்கிய புஷ் வெளிப்புறம் விரிய வழியில்லை; ஆகவே துளை சுருங்கித் தண்டைக் கவ்வும். சில்லு இறுகிய வண்டியை மேட்டிலே தள்ளுபவரின் தோளும் இடுப்பும் படும் பாடு சொல்லுந்தரமன்று. 1960இல் விற்பனைக்கு வந்த அசெட்டால் ஒரு பங்களவே ஈரம் கொள்ளும். இவ்விடத்திற்கு நாம் தேர்வது அதுவே.

பழைய சரக்காய்க் கிடைக்கும் வெள்ளைத் துண்டு யாதென அறிவதெங்ஙனம்? தெளிந்த நீரில் மிதப்பது பொலித்தீன் இனம். நீரில் அமிழ்ந்து, உப்பு மேலும் கரையாத அளவு கரைத்த நீரில் மிதப்பது பெரும்பாலும் நைலோன். அதிலும் அமிழ்வது அசெட்டாலாகலாம். பீ.வீ.சீ.யும் அவ்வாறே அமிழுமாதலின் குழாய்த் துண்டை எடுத்து ஏமாறலாகாது. எரித்துப் பார்ப்பதை நாம் விரும்போம். அசெட்டாலின் புகை கண்ணையும் மூச்சையும் வருத்தும் நஞ்சு.

கடைசலில் முதற்பகை வெப்பம். இரும்பைவிட ஏழெட்டு மடங்கு விரியும் பொருளைச் சூட்டோடு அளந்தால் அளவு பொய்க்கும். உளி சவரக்கத்திபோற் கூரியதாய் இருத்தல் வேண்டும். மழுங்கிய உளி வெட்டாது, தேய்த்துச் சுடும். நீண்ட இழையாய் வரும் சீவலைப் பொறியை நிறுத்தியே அகற்றுக; கையாற் பிடித்திழுத்தால் விரல் போகும்.

25 மில்லிமீற்றர்த் தண்டுக்கு அசெட்டால் புஷ்ஷின் துளை 0.1 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை பெரிதாயிருத்தல் நன்று. உலோகப் புஷ்ஷுக்குப் பழகிய கைகளுக்கு அது தளர்வாகவே தோன்றும். கூட்டினுள் இறுக்கியபின் துளை ஒடுங்குமாதலின், இறுக்கிய பின்னரே இறுதியளவுக்குக் குடைக. வேறு வழியின்றி நைலோனையே கொள்வோர், கடையுமுன் துண்டை வெந்நீரில் நெடுநேரம் ஊறவைத்து, இடைவெளியை இன்னுஞ் சிறிது மிகுத்துக் கடைவாராக. எதுவாயினும் ஓரிரவு ஆறவிட்டு, மறுநாட் காலை தண்டை நுழைத்துக் கையாற் சுழற்றிப் பார்த்த பின்னரே வண்டியிற் பூட்டுக.