வேரடியில் இருப்பது எந்தப் பூஞ்சை?

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறார்கள். செடி அங்கங்கே வாடினால் வரப்பிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே வேரழுகல்தான். மருந்துக்கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை வாங்கி வேரில் ஊற்றுவார்கள். சில வயல்களில் கேட்கும், சிலவற்றில் கேட்காது.

வாடிய செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை இழை படர்ந்து, அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. வேர்ப்பட்டை நார்நாராக உரிந்து, உள்ளே கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் கரும்புள்ளிகள் இருந்தால் மேக்ரோஃபோமினா. பின்னது வறட்சியிலும் கடும் வெயிலிலும் தலையெடுப்பது. ஒரு தண்ணீர் விட்டாலே தணியும். முன்னது ஈரமும் மட்காத சருகும் இருந்தால் கொண்டாடும். தண்ணீர் கட்டுவதா வேண்டாமா என்பதே பூஞ்சையின் இனத்தைப் பொறுத்தது. மருந்தும் அப்படித்தான்: ஸ்கிளிரோஷியம் காளான்களின் பெரும்பிரிவைச் சேர்ந்தது, கார்பென்டாசிமுக்கு அவ்வளவாக மசியாது.

கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் நாற்று சாய்வதற்குக் காரணமான பித்தியம் இன்னும் தூரத்து ஆள். நெடுங்காலம் பூஞ்சையென்றே எழுதிவைத்திருந்தார்கள். அதன் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. உறவெல்லாம் பழுப்புக் கடற்பாசிகளோடு. கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில்தான் வேலை செய்யும். வகைப்பாட்டை ஏட்டுப் படிப்பு என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும் என்று நினைக்கிறேன்.

இந்தப் படிப்பில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற டி.எஸ். சதாசிவன், மண்வழி நோய்களை அங்கே முதன்மை ஆய்வாக்கினார். பருத்தி வாடல் நோயின் ஃபியூசேரியத்தை மண்ணோடு சேர்த்து ஆராய்ந்தவர் அவருடைய மாணவர் சி.வி. சுப்பிரமணியன். நெடுங்காலம் பெரும்பாலும் வித்தின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே இத்தகைய பூஞ்சைகளைப் பிரித்துவந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒரே பெட்டிக்குள் விழுந்தன. வித்து இழையின் நுனியில் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கவனித்து, 1962-ல் அவர் ஒரு புதிய வகைப்பாட்டை முன்வைத்தார். 1971-ல் வந்த அவருடைய ‘ஹைஃபோமைசீட்ஸ்’ நூல் உலகெங்கும் புரட்டப்பட்டது. இங்கே பள்ளிப் பாடத்தில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும்.

நுண்ணோக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. பருத்தியை வாட்டும் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரமும் வாழையை வாட்டுவதும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் பருத்தியில் வந்தது வாழையைத் தொடாது. பயிர்வாரியாக இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் உண்டு. இங்கே மரபணு வரிசைதான் கைகொடுக்கிறது. விதைநேர்த்திக்கு கிலோவுக்கு 4 கிராம் கலக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் வளர்க்கப்பட்ட பல வளர்ப்புகள், 1999-ல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட டிரைக்கோடெர்மா ஆஸ்பெரெல்லம் என்று மரபணுச் சோதனை காட்டியது.

எல்லாவற்றுக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை. பித்தியத்தின் இழையில் குறுக்குச்சுவர் பெரும்பாலும் இருக்காது; ஸ்கிளிரோஷியத்திலும் மேக்ரோஃபோமினாவிலும் இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வட்டார வேளாண் விரிவாக்க மையம் ஒவ்வொன்றிலும் அந்தக் கருவியும் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். விவசாயி செய்ய வேண்டியது, செத்த செடியை விட்டுவிட்டு, வாடத் தொடங்கிய செடியை வேர்மண்ணோடு தோண்டி, கழுவாமல் கொண்டுபோய்க் காட்டுவது.