யாத்திரையில் காவலும் கைங்கரியமே

சுந்தரமூர்த்தி நாயனார் தம் தோழர் சேரமான் பெருமாளிடம் விடைபெற்று, கொடுங்கோளூரிலிருந்து திருவாரூர் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். சேர மன்னர் அன்புடன் அளித்த பொன்னும் மணியும் ஆடைகளும் சுமையாளர்களின் தோள்களில் முன்னே சென்றன. அவிநாசிக்கு அருகேயுள்ள திருமுருகன்பூண்டியை நெருங்கியபோது, வேடர் கூட்டமொன்று வழிமறித்து அனைத்தையும் பறித்துச் சென்றது. வேடர் உருவில் வந்தவை சிவபெருமான் ஏவிய பூதகணங்கள் என்கிறது பெரியபுராணம். சுந்தரர் நேரே திருக்கோயிலுக்குள் சென்று, வழிப்பறி நிகழும் இவ்வூரில் நீர் எதற்காக எழுந்தருளியிருக்கிறீர் என்று இறைவனையே வினவிப் பதிகம் பாடினார். பறிபோன பொருள்கள் யாவும் கோயில் வாயிலில் வந்து குவிந்தன. ஏழாம் திருமுறையில் இடம்பெற்ற அப்பதிகத்தை, பொருளை இழந்தோர் ஓதி முறையிடும் வழக்கம் இன்றும் உண்டு.

சுந்தரர் தம்பிரான் தோழர். அவருக்கு அந்த உரிமை இருந்தது. நாமோ நம்மால் இயன்றதைச் செய்துவிட்டு, எஞ்சியதை அவன் பொறுப்பில் விடவேண்டியவர்கள். யாத்திரை செல்லும் அடியார் கூட்டத்தில் 'நம்மால் இயன்றது' என்பது என்ன? அதைச் சற்றே விரிவாகச் சிந்திப்போம்.

கார்த்திகை முதல் நாள் தொடங்கித் தை மாதம் வரை, தேனி மாவட்டச் சாலைகளில் சரண கோஷம் ஓய்வதில்லை. கம்பம், குமுளி வழியே சபரிமலை செல்லும் வேன்களும் பேருந்துகளும் இரவு பகலாக ஓடுகின்றன. போடிநாயக்கனூர், பொட்டிபுரம், தேவாரம் வட்டாரத்து அன்பர்களுக்கு ஏலமலை கண்முன்னே நிற்கிறது; நடந்தும் சைக்கிளிலும் புறப்படுவோர் இங்கே புதியவர் அல்லர். வீரபாண்டி கௌமாரியம்மனின் சித்திரைத் திருவிழா, குச்சனூர் சனீஸ்வர பகவானின் ஆடிச் சனிக்கிழமைகள், சுருளித் தீர்த்த நீராடல் என்று உள்ளூரிலேயே கூட்டம் கூடும் நாள்கள் பல. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் வந்தபின், வெளியூர் அன்பர்களுக்கும் வழி எளிதாகியுள்ளது.

இப்பயணங்களில் பலவற்றில் விடுதி கிடையாது. ஆற்றங்கரையிலும் மரத்தடியிலும் வேனை நிறுத்தி, தார்ப்பாய் விரித்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, அங்கேயே படுத்தெழுகிறோம். நம் முன்னோர் சத்திரங்களில் தங்கியபோது கதவும் விளக்கும் காவலாளும் இருந்தன. இன்று திறந்தவெளியில் தங்கும் நமக்கு அம்மூன்றும் நாமேதான்.

களவு எப்போது நிகழ்கிறது? நள்ளிரவில் மட்டும் என்று நினைக்கிறோம். எல்லோரும் ஒருசேர நீராடச் செல்லும் அந்த அரைமணி நேரம், 'சுவாமி புறப்பாடு' என்ற குரல் கேட்டதும் அனைவரும் எழுந்து ஓடும் அந்தக் கணம், உண்ட களைப்பில் கண்ணயரும் பிற்பகல் ஆகியவையே கள்வனுக்கு வாய்ப்பானவை. 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இவரும், 'இவர் இருக்கிறாரே' என்று அவரும் எண்ணிச் செல்கின்றனர். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த எண்ணமும் வளர்கிறது. நாற்பது பேர் கொண்ட குழுவின் மூட்டைகள் எண்பது கண்கள் இருந்தும் காவலின்றிக் கிடப்பது இதனால்தான்.

ஆகவே முதல் விதி ஒன்றே: காவலுக்கு ஒரு பெயர் இருக்கவேண்டும். ஒவ்வொரு தங்குமிடத்திலும் இறங்கியவுடன், இந்நேரம் முதல் இந்நேரம் வரை இன்னார் இருவர் என்று குருசாமியோ குழுத் தலைவரோ எல்லோரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். குழு இரண்டாகப் பிரிந்து, முதற்பிரிவு தரிசித்துத் திரும்பியபின் அடுத்த பிரிவு செல்லட்டும். ஏலத் தோட்டங்களில் பறிப்புக் காலத்தில் முறை வைத்துக் காவல் இருப்பது போடி மக்கள் அறிந்ததே. பச்சை ஏலத்துக்குச் செய்வதை, பக்தர் மூட்டைக்கும் செய்யலாம் அல்லவா?

மலையேற இயலாமல் அடிவாரத்தில் தங்கிவிடும் முதியோர் பலர், 'நாம் ஒரு பாரமாகிவிட்டோமே' என்று மனத்துள் வருந்துகின்றனர். அவர்கள் வேனருகே விழித்திருந்து நாமம் சொல்லும் அந்த நேரமே மற்ற அனைவருக்கும் கவலையற்ற தரிசனத்தை அளிக்கிறது. சந்நிதியில் நிற்பவர் 'பை என்ன ஆயிற்றோ' என்று நினைத்தால் கண் திறந்திருந்தும் தரிசனம் ஏது? ஆனால் முதியவர் ஒருவரைத் தனியே விட்டுச் செல்லலாகாது. துணைக்கு இளையவர் ஒருவர் இருக்கவேண்டும். கையில் ஒரு விசிலும் டார்ச் விளக்கும் போதும். கள்வனைக் கண்டால் ஓசை எழுப்புங்கள். எதிர்த்துப் போரிட வேண்டாம். பொருளைவிட உயிர் பெரிது.

சைக்கிள் யாத்திரை செல்லும் பேரன்மாருக்குப் பாட்டன்மார் சொல்லவேண்டியவை சில. பின்சக்கரத்து வளையப் பூட்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்துமே தவிர, சைக்கிளைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலியால் மரத்தோடு அல்லது வேனின் ஏணியோடு பிணைத்துப் பூட்டவேண்டும். பல சைக்கிள்கள் இருப்பின் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டினால் ஒன்றை மட்டும் எடுப்பது அரிது. சங்கிலி தரையில் படாமல் சற்று உயர்ந்திருக்கட்டும். தரையில் கிடக்கும் சங்கிலியை உடைப்பது எளிது. சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சைக்கிளை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டால், காவல் நிலையத்தில் 'இது எங்களுடையது' என்று நிறுவ அதுவே சான்று. விளக்கு, காற்றடிக்கும் பம்பு, பை போன்ற கழற்றக்கூடியவற்றை இரவில் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம் வீட்டு வழக்கம் எத்தனை அறிவுடையது! திருமண வீட்டில் நூறு குடங்களுக்கு நடுவிலும் நம் குடம் தனித்துத் தெரியும். அதையே யாத்திரைக்கும் விரிப்போம். அண்டா, அடுப்பு, ஜமக்காளம், தார்ப்பாய், சைக்கிள் எல்லாவற்றிலும் குழுவின் பெயரையும் ஊரையும் பெயிண்டால் எழுதிவிட்டால், விற்க வழியில்லாத பொருளைக் கள்வன் தொட யோசிப்பான். புறப்படுமுன் ஒரு நோட்டில் எண்ணிக்கை எழுதி, ஒவ்வோர் இடத்தை விட்டு நீங்கும்போதும் படித்துச் சரிபார்க்க வேண்டும். மறந்து விட்டுவந்ததைக் களவு போனதாக நினைத்துக் கலங்குவதும் இதனால் குறையும்.

சபரிமலைப் பயணத்தில் ஒன்றைத் தனியே நினைவிற்கொள்ள வேண்டும். பெரிய வாகனங்கள் நிலக்கல்லில் நிறுத்தப்பட, பக்தர்கள் கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குச் செல்கின்றனர். வண்டி பல மணி நேரம், சில வேளை ஓர் இரவு முழுதும் தனித்து நிற்கும். எனவே நிலக்கல்லில் இறங்குமுன்பே, விலையுள்ள எதுவும் வண்டியில் கண்ணாடி வழியே தெரியாதபடி செய்துவிட வேண்டும். காலியான பையைக்கூட இருக்கையில் வைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணாடியை உடைத்துப் பார்த்தபின்தான் கள்வனுக்குத் தெரியும். மலைப் பாதைகளில் குரங்குகளும் உண்டு. பழமும் பிஸ்கட்டும் திறந்து கிடந்தால், அவற்றோடு மூக்குக்கண்ணாடியும் மருந்துப் பையும் மரத்தின் மேல் ஏறிவிடும்.

முதியோருக்கு உண்மையான இழப்பு எது? பணம் திரும்ப வரும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் மலையடிவாரத்தில் காணாமற்போனால் அது உயிருக்கே இடர். இரண்டு நாள் மருந்தும், மருத்துவர் சீட்டின் நகலும், மகன் மகளின் தொலைபேசி எண் எழுதிய தாளும் உடலோடு சேர்ந்த சிறு பையில் இருக்கட்டும். மீதியை வேறு பையில் பிரித்து வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் அதனுள்ளிருக்கும் எண்களும் தொலைகின்றன என்பதை மறவாதீர்கள். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுவது நன்று. மஞ்சள் கயிற்றோடு தரிசனத்துக்கு வரும் தாயை எந்தத் தெய்வமும் குறைவாக நினைப்பதில்லை. சுருளியிலோ முல்லையாற்றிலோ நீராடும்போது, பாறை மேல் துணியோடு பணப்பையை வைத்துச் செல்லாமல், கரையில் நிற்பவர் கையில் கொடுத்துச் செல்லுங்கள்.

இனி, அடியார் வேடத்தில் வருவோர் பற்றி. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு நாம் அறிந்தது. திருநீறு பூசி, ஏட்டுச் சுவடிக்குள் வாளை மறைத்து வந்தான் பகைவனான முத்தநாதன். தம்மைக் குத்திய நிலையிலும் அவன் அணிந்த சிவவேடத்தை மதித்து, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லைவரை விட்டுவரப் பணித்தார் நாயனார். வேடத்தை மதித்தல் நம் மரபு. மாலையணிந்து வரும் எவரையும் 'சாமி' என்றே அழைப்போம். அன்னமும் நீரும் அளிப்போம். ஆனால் அறியாதவரிடம் 'பையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்படைப்பது மதிப்பன்று. அவரையும் நம்மையும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாக்குவது.

இத்தனைக்குப் பின்னும் பொருள் களவு போனால்? முதலில் நாவை அடக்குவோம். பொருள் காணாமற்போன அடுத்த நொடியில் நம் பார்வை எங்கே செல்கிறது? கூலிக்கு வந்த சமையற்காரர் மீது, ஓட்டுநர் மீது, அருகே நடந்துபோன தோட்டத் தொழிலாளி மீது. சான்றின்றி ஏழை ஒருவரைக் கள்வன் என்று சொல்லிவிட்டால், பிறகு பொருள் வேறோரிடத்தில் கிடைத்தாலும் அச்சொல் திரும்பி வாராது. விரதம் காத்து நாற்பத்தொரு நாள் சேர்த்த புண்ணியத்தை ஒரு சொல்லில் இழக்கலாமா? நோட்டை எடுத்து எண்ணுங்கள். மூட்டைகளை மறுமுறை பிரித்துப் பாருங்கள்.

அதன்பின் 112 என்ற எண்ணை அழையுங்கள். ரயிலில் என்றால் 139. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். குமுளியில் இழந்ததைப் போடியில் வந்தும் சொல்லலாம் என்பது முதியோருக்குப் பேருதவி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு பொதுவான திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. மனிதர் தங்கும் கூடாரத்திலோ பயணிகள் வாகனத்திலோ திருடினால், 305-ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. வழிப்போக்கரின் கூடாரத்தையும் வீட்டுக்கு நிகராகவே சட்டம் கருதுகிறது. தொலைபேசி போனால், அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கலாம். *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தோன்றும். புறப்படுமுன்னரே நோட்டில் எழுதிவிடுங்கள்.

வழிப்பறி செய்த திருமங்கை மன்னனைப் பெருமாள் வழியிலேயே தடுத்தாட்கொண்டு ஆழ்வாராக்கினார். எருமேலியில் ஐயப்பனின் தோழராகப் போற்றப்படும் வாவரும் முன்னர்க் கொள்ளையராக இருந்தவர் என்றே வழிவழிக் கதை கூறுகிறது. கள்வரைத் திருத்துவது அவன் திருவுள்ளம். அவர்களுக்கு வாய்ப்பளிக்காமல் விழித்திருப்பது நம் கடமை. அடுத்த முறை வேன் ஏறுமுன், இருமுடிக்குரிய பொருள்களோடு ஒரு நோட்டையும் ஒரு சங்கிலிப் பூட்டையும் எடுத்து வையுங்கள்; முதல் காவலுக்கு உங்கள் பெயரையே முதலில் கொடுங்கள்.