மீன்பிடிப் படகின் துள்ளல்: காரணமும் பரிகாரமும்

அலை அடங்கிய கடலிலும் சில படகுகள் அமைதியாக ஓடுவதில்லை. வேகம் ஓர் அளவை எட்டியதும் அணியம், அதாவது படகின் முன்பகுதி, மேலே எழும்புகின்றது, உடனே நீரில் அறைந்து விழுகின்றது, மறுபடியும் எழும்புகின்றது. ஓங்கல் நீரைவிட்டு எழும்பியும் அமிழ்ந்தும் செல்வதை ஒத்திருப்பதால், படகுப் பொறியியலில் இதனைப் 'போர்பாய்சிங்' என்பர். இங்கு இதனைத் துள்ளல் என்றே குறிப்பிடுவோம்.

இது வெறும் அசௌகரியம் அன்று. சுக்கான்பிடி பிடித்திருப்பவர் நிலைதடுமாறிக் கடலில் விழுந்தால், சுழலும் விசிறி அவருக்கு மிக அருகில் இருக்கும். ஓயாத அறைதலால் கண்ணாடியிழை உடலில் கீறல்கள் தோன்றுகின்றன. இயந்திரம் பொருத்திய பின்பலகை தளர்கின்றது. எரிபொருளும் வீணாகின்றது. இவ்வளவையும் காணும் உரிமையாளர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றார்: இயந்திரத்தின் திறன் போதவில்லை என்று கடன்பெற்றுப் பெரிய இயந்திரம் வாங்குகின்றார். நோய் முற்றுவதற்கு இதைவிட வேறு வழி தேவையில்லை.

நம் நாட்டில் இச்சிக்கல் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. கட்டுமரமும் வள்ளமும் பாயாலும் துடுப்பாலும் சென்ற காலத்தில் துள்ளலுக்கு இடமே இல்லை. 1952-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் கொண்டுவந்த விசைப்படகுகளும் நீரைப் பிளந்து மெல்லச் செல்பவையே. 1980-களின் தொடக்கத்தில் கேரளக் கரையில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பெருகின. வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் கரையிறங்கு படகுகளை உருவாக்குவதில் ஈடுபட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. அவசரத்தில் கட்டப்பட்டவற்றின் தரம் ஒரே சீராக அமையவில்லை. இலேசான உடலும் வலிமையான இயந்திரமும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

எடைக்கும் தூக்குவிசைக்கும் நடுவே

நீர்க்கோட்டில் 6.5 மீட்டர் நீளமுள்ள படகு, மணிக்கு ஏறத்தாழ 6 கடல் மைல் வரை நீரை விலக்கிக்கொண்டே செல்லும். அதற்குமேல் உந்தினால் அடிப்பரப்பின் மீது நீர் மோதி எழும் தூக்குவிசை படகை உயர்த்தி, நீரின் மேல் வழுக்கிச் செல்லச் செய்யும். இந்நிலையில் படகைத் தாங்குவது அடிப்பரப்பின் பின்பகுதி மட்டுமே. எடையின் மையம் அத்தாங்கலுக்கு இசைவாக அமையாமல் மிகவும் பின்தள்ளி இருந்தால் அணியம் எழும்பும், எழும்பியதும் தாங்கும் பரப்பு குறைந்து தூக்குவிசை மாறும், அணியம் விழும். இவ்வாறு ஊசலாட்டம் பிறக்கின்றது. அமெரிக்க ஆய்வாளர் டேனியல் சாவிட்ஸ்கி 1964-இல் வெளியிட்ட கட்டுரை, எந்த வேகத்தில் எவ்வளவு கோணத்திற்கு மேல் அணியம் உயர்ந்தால் துள்ளல் தொடங்கும் என்பதை வரைபடமாகவே தருகின்றது. அடிப்பகுதி தட்டையாக இருக்கும் படகுக்கு அந்த வரம்பு குறைவு. மணலில் இழுத்தேற்ற வசதியாகத் தட்டையடியுடன் கட்டப்பட்ட நம் படகுகள் எளிதில் துள்ளுவதன் காரணம் இதுவே.

ஆகவே, முதலில் ஆராய வேண்டியது எடை. கையால் திருப்பும் இயந்திரம் பொருத்திய படகில் இயந்திரம், அதைப் பிடித்திருப்பவர், எரிபொருள் கலம் ஆகிய மூன்றும் ஒரே மூலையில் குவிகின்றன. பனிக்கட்டிப் பெட்டியும் அங்கேயே வைக்கப்படுவதுண்டு. மொத்தம் 800 கிலோ எடையுள்ள படகில் 120 கிலோ பொருளை 2 மீட்டர் முன்னே நகர்த்தினால், எடை மையம் 30 செ.மீ. முன்னேறும். துள்ளலை நிறுத்தப் பல நேரங்களில் இதுவே போதும், செலவு ஏதுமில்லை. தளத்தின் அடியில் தேங்கிய நீரையும் மறந்துவிடக்கூடாது. அணியம் எழும்பும்போதெல்லாம் அந்நீர் பின்னோக்கிப் பாய்ந்து துள்ளலை வளர்க்கும்.

அடுத்தது இயந்திரத்தின் சாய்வு. விசிறி பின்பலகையை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால் அணியம் தூக்கப்படும். சாய்வாணியை ஒரு துளை உள்ளே மாற்றினால் அணியம் தாழும். விசிறிக்கு மேலுள்ள கிடைத்தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். இயந்திரம் மிக உயரத்தில் இருந்தால் திரும்பும்போது விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுழலும். ஏரா பின்பலகை வரை முழு உயரத்தோடு நீண்டிருந்தாலும் இதே தொல்லை நேரும். அதன் பின்முனையைச் சரிவாகச் செதுக்கி, பின்பலகைக்குச் சற்று முன்பே முடித்துவிட வேண்டும்.

இவ்விரண்டாலும் குணமாகாவிடில் படகைக் கவிழ்த்து அடிப்பரப்பைப் பார்க்க வேண்டும். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஒன்றரை மீட்டர் நீளத்திற்கு மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். அடிப்பரப்பு அங்கே வெளிப்புறமாகப் புடைத்திருந்தால், ஓடும் நீர் பின்பகுதியைக் கீழே இழுக்கும். அணியம் எழும்பித் துள்ளும். உட்குழிந்திருந்தால் பின்பகுதி உயர்த்தப்பட்டு அணியம் நீரில் புதையும். படகைக் கரையில் சரியான தாங்கலின்றி மாதக்கணக்கில் கிடத்தி வைப்பதாலேயே மெல்லிய கண்ணாடியிழை இவ்வாறு வளைந்துவிடுவதுண்டு. புடைப்பைத் தேய்த்தும் குழிவைப் பிசினும் இழைப்பாயும் கொண்டு நிரப்பியும் நேராக்குவதே நிலையான பரிகாரம்.

அது இயலாதபோது ஆப்பு உதவும். பின்பலகையை ஒட்டி, அடிப்பரப்பில் இருபுறமும் 25 செ.மீ. நீளமும் பின்முனையில் ஏறத்தாழ 1 செ.மீ. தடிப்பும் உள்ள மர ஆப்புகளைப் பொருத்தலாம். விசிறிக்கு நேர்முன்னே உள்ள நடுப்பகுதியை வெறுமையாக விட வேண்டும். திருகாணித் துளைகளை நன்கு அடைத்துவிடுவது அவசியம்.

அளவுக்கு மிஞ்சிய மருந்து

ஆப்பை எவரும் தாராளமாக வைத்துவிடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் முக்கிய எச்சரிக்கை. துள்ளும் படகுக்கும் அணியம் புதையும் படகுக்கும் இடையே உள்ள தூரம் சிறிது. அணியம் தாழ்ந்த படகு நேர்வழியில் நில்லாது. அதன் கூரிய முன்பகுதியே சுக்கானைப்போல் செயற்பட்டு இடமும் வலமும் இழுக்கும். கரைக்குத் திரும்புகையில் பின்னிருந்து வரும் அலை இத்தகைய படகைக் குறுக்காகத் திருப்பிக் கவிழ்த்துவிடும். துள்ளலால் அறை வாங்கிய படகு பெரும்பாலும் கரைசேர்ந்துவிடும். அலைமுறியும் இடத்தில் குறுக்கே திரும்பிய படகைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

மேலும், மீன்பிடிப் படகின் எடை ஒரே நாளில் இருமுறை மாறுகின்றது. காலையில் வெறும் படகு துள்ளும். மாலையில் மீனும் நனைந்த வலையும் ஏறியதும் அதே படகு அமைதியாகச் செல்லும். காலைத் துள்ளலுக்காகப் பொருத்திய பெரிய ஆப்பு, வலையும் மீனும் முன்புறம் ஏற்றப்பட்டால் மாலையில் ஆபத்தாகும். நகர்த்தக்கூடிய எடை, மாற்றக்கூடிய சாய்வாணி ஆகியவற்றை முதலிலும், நிரந்தர ஆப்பைக் கடைசியிலும் கையாள வேண்டும் என்பது இதனாலேயே.

படகு ஒரே பக்கமாக இழுப்பது வேறு குறை. விசிறிக்குப் பின்னே, கிடைத்தகட்டின் அடியிலுள்ள சிறு துடுப்புத் தகட்டின் பின்முனையை, படகு எப்பக்கம் இழுக்கின்றதோ அப்பக்கமே சிறிது திருப்பி வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும்.

மானியத்தில் படகோ இயந்திரமோ வழங்கும் அலுவலர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் பாரம்பரிய மீனவர்களுக்குப் படகுகள் அளிக்க வழிவகை உள்ளது. ஒப்படைக்கும் முன், படகை இருமுறை ஓட்டிப் பார்ப்பதை நிபந்தனையாக்கலாம். முதல் முறை எரிபொருளும் ஆட்களும் மட்டுமே கொண்டு முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். மறுமுறை பிடிக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, அலையைப் பின்னே வைத்துக் கரைநோக்கி ஓட்ட வேண்டும். அப்போது படகை ஓட்டுபவர், அதனைப் பின்னர் கடலுக்குக் கொண்டுசெல்லப்போகும் மீனவராகவே இருப்பது நலம். எடை எங்கே இருந்தபோது படகு ஒழுங்காக ஓடியது என்பதைத் தளத்தில் வண்ணத்தால் குறித்துவிடலாம்.